நடுவில் ஒரு நுகத்தடி

கார் ஒன்று தெருமுனையில் திரும்பும்போது அதன் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகவும் சுற்றும் என்பது பலருக்கும் தெரியும். அதே வித்தியாசம் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையிலும் உண்டு என்பதைத்தான் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஈர மணலில் வண்டியை வளைத்து ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்தை விட்டு விலகி உள்பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும்.

எவ்வளவு வித்தியாசம்? முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள ஒரு கார், பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 4.5 மீட்டர் ஆரத்தில் போகும்படி வட்டமடிக்கிறது என்று கொள்வோம். பிதாகரஸ் கணக்குப்படி முன் ஆக்சிலின் நடுப்புள்ளிக்கு ஆரம் ஏறக்குறைய 5.15 மீட்டர். முழு வட்டத்தில் முன்பக்கம் 4 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். தெருமுனைத் திருப்பம் ஒன்றுக்கு 1 மீட்டர். இரண்டு ஆக்சில்களையும் இறுகப் பிணைத்து இன்ஜின் சுழற்றினால் அந்த 1 மீட்டருக்குப் போக்கிடமே இல்லை. தண்டுகள் முறுக்கேறும். தாங்காத கட்டத்தில் ஏதாவதொரு டயர் வழுக்கித் துள்ளும். சேற்றிலும் மணலிலும் டயர் தானாகவே வழுக்கி இடம் கொடுத்துவிடும். ஜிப்ஸி, தார் போன்ற ஜீப் வகை வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் டிரைவைப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஜெர்மனியின் ஆடி நிறுவனமும் இந்தச் சிக்கலில் மாட்டியது. 1977 குளிர்காலத்தில் பின்லாந்துப் பனியில், வெறும் 75 குதிரைத்திறன் கொண்ட இல்டிஸ் என்ற ராணுவ வண்டி தங்கள் வேகமான கார்களையே திணறடிப்பதைப் பொறியாளர் யோர்க் பென்சிங்கர் பார்த்தார். அந்த வண்டியின் ஃபோர் வீல் டிரைவ் அமைப்பைச் சாலைக் காரில் பொருத்திய முதல் மாதிரி, பனியில் அற்புதமாக ஏறியது. குறுகலான திருப்பங்களிலோ துள்ளியது. 1980 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சிக்கு வந்த குவாட்ரோ காரில், கியர்பெட்டியின் பின்னால் சின்னதாக ஒரு நடு டிஃபரன்ஷியல் சேர்ந்திருந்தது. கியர்பெட்டிக்குள் 263 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குழல் தண்டு. இன்ஜினின் சக்தி அந்தக் குழலின் வெளிச்சுவர் வழியாகப் பின்னோக்கி டிஃபரன்ஷியலுக்குப் போகும். அதில் முன் சக்கரங்களின் பங்கு, அதே குழலுக்குள் ஓடும் மெல்லிய தண்டு வழியாகத் திரும்பி வரும். போவதும் வருவதும் ஒரே துளைக்குள். பொறியியலில் இதைவிடச் சிக்கனமான இட ஏற்பாடு அதிகம் இருக்காது.

அந்த டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது? ஏர் உழும் மாடுகளின் நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏர்க்கால் கட்டியிருக்கிறது. ஒரு மாடு அரையடி முந்தினால் நுகம் சற்றே சாயும். ஆனால் இரண்டு பக்கத்து விசையும் சமமாகவே இருக்கும். டிஃபரன்ஷியலின் கூட்டுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரமும் அப்படித்தான். அதன் ஒரு பக்கப் பற்கள் முன் ஆக்சிலுக்கான பல்சக்கரத்தையும், மறுபக்கப் பற்கள் பின் ஆக்சிலுக்கானதையும் தள்ளுகின்றன. நேராகப் போகையில் அது தன் அச்சில் சுற்றுவதில்லை. திரும்பும்போது மெல்லச் சுற்றும். முன்பக்கம் எவ்வளவு கூடுகிறதோ பின்பக்கம் அவ்வளவு குறையும். முறுக்குவிசை மட்டும் பாதிப்பாதி. ஏர்க்காலை நடுவிலிருந்து தள்ளிக் கட்டினால் பங்கும் மாறும்: 1966இல் வந்த பிரிட்டனின் ஜென்சன் எஃப்எஃப் காரில் முன்னுக்கு 37, பின்னுக்கு 63 சதவீதம்.

ஒரு மாடு இழுக்காமல் நின்றுவிட்டால்? மற்றது எவ்வளவு இழுத்தாலும் நுகம்தான் சுழலும், ஏர் நகராது. காரிலும் இதே கதி. முன் சக்கரம் ஒன்று பனிக்கட்டியில் சுழலத் தொடங்கினால், பின்பக்கத்துக்கும் அதே அற்பமான விசைதான் கிடைக்கும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் கார், ஒரே சக்கரத்தால் நின்றுவிடுகிறது. எனக்கு இந்த இடம்தான் இந்தப் பொருளின் உயிர்நாடியாகப் படுகிறது: வேகம் வேறுபட அனுமதி கொடுத்தால், பிடிப்பைக் கோட்டைவிட வேண்டியிருக்கிறது.

குவாட்ரோவில் இதற்கு ஓட்டுநர் கையால் பூட்டுப் போடலாம். சிலர் சிலிகோன் திரவம் நிரப்பிய இணைப்பைச் சேர்த்தார்கள். ஆனால் அழகான விடை, அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற டார்சன் டிஃபரன்ஷியல். திருகு வடிவப் பல்சக்கரம் தன்னோடு கோத்த சக்கரத்தை எளிதாகச் சுழற்றும். அந்தச் சக்கரம் திருகைத் திருப்பிச் சுழற்ற முயன்றால் உராய்வில் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கமே வழுக்கும் ஆக்சிலிடமிருந்து விசையைப் பிடுங்கிப் பிடிப்புள்ள ஆக்சிலுக்குத் தருகிறது. கம்ப்யூட்டர் வேண்டாம், சென்சார் வேண்டாம். 1987இல் குவாட்ரோ இதற்கு மாறியது.

வழுக்கும் பக்கம் தாங்கும் விசையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்குவரை மறுபக்கத்துக்குத் தருவது டார்சனின் இயல்பு. சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் சுழியத்தின் மூன்று மடங்கும் சுழியமே. அப்போது இன்றைய கார்கள் தொங்கும் சக்கரத்துக்கு மட்டும் தாமாகவே பிரேக் போடுகின்றன. பிரேக் உண்டாக்கும் எதிர்ப்பைத் தரையின் பிடிப்பு என்றே டிஃபரன்ஷியல் எடுத்துக்கொண்டு, தரையில் நிற்கும் ஆக்சிலுக்கு அதன் மூன்று மடங்கை அனுப்பிவைக்கிறது.