கத்தி தயார், உறைக்குத் தோல் எங்கே?

கொல்லர் பட்டறைக்குப் போய், பிடி போடாத கத்தியாகக் கேட்டு வாங்கி வருகிறவர்களை இப்போது பார்க்க முடிகிறது. பெரும்பாலும் இளைஞர்கள். வீட்டுக்கு வந்து தங்கள் கையாலேயே பிடி போடுகிறார்கள், அலகுக்குக் கறுப்பு ஏற்றுகிறார்கள், கடைசியில் தோல் வாங்கி உறையும் தைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கி வைக்கிறவர்களும் உண்டு. சண்டைக் கத்தி, சினிமாக் கத்தி என்று யாரும் பயப்பட வேண்டாம். காய் நறுக்கவும், தோட்டத்தில் கிளை கழிக்கவும் ஆன மடங்காத சின்னக் கத்திகள் இவை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆகாத கத்தி, அலகில் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால்தான் ஆயுதச் சட்ட விதிகள் குறுக்கே வரும். இவர்கள் செய்வது அதில் பாதி நீளம்தான் இருக்கும்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிற நண்பர் இப்படிச் சில கத்திகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறார். கடையில் வழவழவென்று விற்கிற கத்திக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். "அது மழுங்கிப் போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குவோமுங்ணா. இதை அப்படிப் போட மனசு வருமா? புடி நான் போட்டதாச்சே" என்றார்.

அவர் வாங்கி வரும் அலகு லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. பட்டறைகளில் அரிவாளும் கொடுவாளும் பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான் ஆகின்றன. போதுமான கரிமம் இருப்பதால் தோய்ச்சலில் நன்றாகக் கடினப்படும், சாணை பிடித்தால் கூர் நிற்கும். ஆனால் எவர்சில்வரில் இருக்கிற அளவுக்குக் குரோமியம் இதில் கிடையாது. ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் செந்துரு பூத்திருக்கும்.

பிடியில் இரண்டு வழி. அலகின் வால் பகுதி அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் மரச்சில் வைத்து, துளையிட்டு, பித்தளைக் கம்பியை ஊடே விட்டு இரு முனையையும் தட்டிவிடலாம். வால் கூர்மையாக இருந்தால் பழைய முறைதான்: மரத்தில் துளை போட்டு, பொடித்த அரக்கை உள்ளே கொட்டி, வாலைக் காயவைத்து அழுத்தி இறக்குவது. அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். மரம் பிளக்காமல் இருக்க வாயில் ஒரு பூண். இன்று அரக்குக்குப் பதில் எபாக்சி பசையை ஊற்றுகிறார்கள். வலு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அரக்குப் பிடி ஆடிப்போனால் மறுபடி சூடு காட்டிச் சரிசெய்துகொள்ளலாம், பசையில் அந்த வசதி குறைவு.

மரத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. புளி, பூவரசு, வாகை, கருவேலம் எதுவானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியாக இருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் போட்ட பிடி சுருங்கி வெடிக்கும். தோதகத்தி வேண்டும் என்று தேடி அலைகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம். அந்த மர இனம் முழுவதும் 2017 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, விறகுக் கடையில் கிடக்கும் புளிய வைரமே அழகில் குறைந்ததல்ல. இழைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அலகுக்குக் கறுப்பு ஏற்றுவதுதான் பார்க்கச் சுவையான வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கடுகு விழுதையும் காபியையும் வினிகரையும் பூசுகிறார்கள். நண்பர் முதலில் அலகைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். ஒரு வாழைப்பூவைக் குறுக்கே வெட்டி, பால் கசியும் பக்கத்தை அலகில் தேய்த்து அப்படியே விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை இரும்பில் ஊதாவும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிறம் எழும்பியது. வாழைப்பூ ஆய்கிற கையைக் கறுக்க வைக்கும் அதே துவர்ப்புதான் இரும்பையும் பிடிக்கிறது. அடுத்து, கடுக்காய்த் தோலைத் தட்டிக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். அலகை வினிகரால் துடைத்து அதற்குள் இறக்கியதும் தண்ணீர் மையாகத் திரண்டது. கடுக்காயில் உள்ள டானின், அமிலத்தில் கரைந்து வரும் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகிறது. அந்தக் காலத்து எழுத்து மையிலும் கலம்காரித் துணியின் கறுப்புக் கோட்டிலும் இருப்பது இந்தச் சேர்க்கைதான். வெளியே எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் முடிந்தது. வாயை மட்டும் மறுபடி சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். கறுத்த அலகின் ஓரத்தில் வெள்ளிக் கோடாகக் கூர் மின்னும்.

இந்தக் கறுப்பு துருவைத் தாமதப்படுத்தும், அடியோடு தடுத்துவிடாது. துடைத்து வைக்கிற பழக்கத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

இதுவரை எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. உறையில்தான் சிக்கல்.

கத்தி உறைக்கு எந்தத் தோலும் ஆகாது. மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பில் பதனிட்ட தோல்தான் வேண்டும். காரணத்தைக் கையால் செய்து பார்த்தால் புரியும். அந்தத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் களிமண்போலக் குழைகிறது. கத்தியைப் பாலிதீனில் சுற்றி, தைத்த உறைக்குள் செருகி, பிடியின் கழுத்து வளைவிலும் பூண் மேட்டிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். நிழலில் காய்ந்ததும் அழுத்திய வடிவம் அப்படியே விறைத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி நழுவாது, கொக்கியோ பட்டனோ தேவையில்லை. குரோம் உப்பில் பதனிட்ட தோலை எவ்வளவு நனைத்து அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி துவண்டுவிடும். அதில் தங்கும் உப்புகள் இரும்புக்கும் நல்லதல்ல.

தைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு தோலையும் நேராக வைத்துத் தைத்தால் கத்தியின் வாய் நூலை அறுத்துவிடும். இடையில் விரற்கடை அகலத்துக்கு ஒரு தோல் பட்டை கொடுத்து, குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசியால் எதிரெதிராக இழுத்துத் தைக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவார்.

அந்தத் தோலுக்கு நண்பர் எங்கே போனார்? இணையத்தில் வெளிநாட்டுத் தோல் வாங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் உலகமே வாங்கிய பட்டைத் தோல் நம் தமிழ்நாட்டுச் சரக்கு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காய்த் தண்ணீரில் மெருகேறி, எண்ணெய் தடவிக் காய்ந்த தோல், 'ஈ.ஐ. லெதர்' என்று கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. ஈ.ஐ. என்றால் கிழக்கிந்தியா. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குறியீடு கிடைத்த தோலில் ஒரு துண்டு வாங்கத்தான் வழியில்லை.

இறங்குமுகம் படிப்படியாக வந்தது. முதலில் ஆவாரம்பட்டை போய், ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையும் அதன் சாறும் வந்தன. காட்டு மேட்டில் ஆவாரம்பட்டை உரித்துப் பிழைத்த கிராமத்து ஜனங்களுக்கு அந்த வரும்படி நின்றது. அதே டானினுக்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்த்த வாட்டில் மரம், இன்று மலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதப்படுத்தி, செருப்பாகவும் கோட்டாகவும் அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். அதற்கு வசதி குரோம். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் ஒரே நாளில் தயார். மெல்லியதாக, மிருதுவாக, கேட்ட நிறத்தில் வரும். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் வளர்ந்தன. அந்த ஊர்களின் தோல் கழிவால் பாலாறு என்ன கதிக்கு ஆளானது என்பதை 1996-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குரோமின் பக்கமும் நியாயம் உண்டு என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள்: பட்டைத் தோலிலும் உப்பும் சுண்ணாம்பும் கழிவுநீரும் உண்டு, விலையும் கட்டுப்படியாகாது என்று. அந்தச் சுண்ணாம்புக் குழிகளில் வெறுங்காலோடு நின்றவர்களின் பாட்டையும் மறந்துவிட முடியாது. குழியைப் பழையபடி திறந்து மனிதரை இறக்கச் சொல்லவில்லை. இன்று டிரம்மிலேயே பட்டைச் சாறு சுழல்கிறது, கையுறையும் கால்பூட்ஸும் இருக்கின்றன. கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் அந்தத் தொழிலை நல்லபடியாக நடத்த முடியும்.

பிளாஸ்டிக் தகட்டைச் சுட்டு வளைத்து உறை செய்வதும் நடக்கிறது. அது ஈரம் பிடிக்காது, சீக்கிரம் முடியும். ஆனால் ஒவ்வொரு தடவை உருவும்போதும் அலகில் கீறல் விழும். புளிய வைரத்தில் பிடியும் கடுக்காயில் கறுப்பும் ஏற்றிய கத்தியைப் பிளாஸ்டிக்கில் செருக எனக்குச் சம்மதமில்லை. தோல் உறையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எடுத்துப் போகும்போது மட்டும் கத்தி உறைக்குள் இருக்கட்டும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் தோல் இழுக்கும் ஈரத்தில் அலகு துருவேறும்.

தோல் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலாக இருந்தால் நடுவில் பெரும்பாலும் நீலச்சாம்பல் தெரியும், பட்டைத் தோல் அடி முதல் மேல் வரை பழுப்பு. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பூச்சு இல்லாத பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். உறைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கனம் போதும்.

பட்டைத் தோல் பதனிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுத் தோலாகவும் கட்டாகவும்தான் கொடுப்போம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு கத்தி உறைக்கு ஒரு சதுர அடி தாராளம். அந்த அளவில் நறுக்கி, எந்தப் பட்டையில் பதனிட்டது என்று ஒரு சீட்டு ஒட்டி விற்றுப் பாருங்கள். வாங்க ஆள் இருக்கிறது.