கம்பியும் காற்றும் – 6: நாகூர் வீட்டின் கடைசி முப்பது அடி

"வாசப் பக்கம் நல்லா ஓடுது நானா, உள்ளே வந்தா சுத்திக்கிட்டே நிக்குது." நாகூரில் ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் இந்தப் புலம்பலை நிறையக் கேட்கலாம். உடனே செய்கிற காரியம், 50 எம்பிபிஎஸ் திட்டத்தை 100 ஆக்குவது. மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகும். வட்டம் சுற்றுவது நிற்காது. கோளாறு பெரும்பாலும் தெருவில் இல்லை, வீட்டுக்குள்ளே இருக்கிறது.

டி.வி.க்கு எவ்வளவு வேகம் வேண்டும்? முழு எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வீட்டில் ஒரு 4கே டி.வி.யும் நாலைந்து கைபேசிகளும் ஓடினாலும் 50 தாராளம். ஆனால் அந்த 50, வாசலில் ரவுட்டர் பெட்டி மாட்டிய இடத்தில்தான் 50. கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, பின்கட்டு அறைக்குப் போய்ச் சேரும்போது மூன்றோ நான்கோதான் மிஞ்சுகிறது என்றால், திட்டத்தை மாற்றி என்ன பயன்?

தர்காவைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் பல வீடுகள் அகலம் குறைந்தவை, உள்ளே நீளமாகப் போகிறவை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். வெயிலுக்கு இதமான இந்தச் சுவர்கள் வைஃபைக்குப் பெரிய தடை. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று (1, 6, 11). ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் அந்த மூன்றையும் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. நடுவில் ஓர் இரும்பு பீரோவும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

படம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் அதிகம் பார்க்கப்படும் படங்களின் பிரதிகளை இணையச் சேவை நிறுவனங்களின் நிலையங்களிலேயே கணினிகளில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வருவதாக நாம் நினைக்கும் படம் பல நேரம் நம் மாநிலத்துக்குள்ளிருந்தே வருகிறது. ஆனால் நாகூருக்கு வேறொரு தேவையும் உண்டு. 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த காலத்திலிருந்தே இந்த ஊர்க் குடும்பங்கள் கடலின் இரு பக்கமும் வாழ்கின்றன. அங்கே நடக்கும் நிக்காஹை இங்கே உம்மாக்கள் டி.வி.யில் பார்க்க வேண்டும்; இங்கே ஏறும் கந்தூரிக் கொடியை அங்கே இருக்கிறவர்கள் பார்க்க வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் போட்ட ஐ2ஐ என்ற கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இப்படி ஒரு கடலையே தாண்டி வருகிற படம் நம் வீட்டுச் சுவரில் முட்டி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதுவும் நேரலையில்தான் குறை முதலில் தெரியும். சினிமா என்றால் டி.வி. கொஞ்ச தூரம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும்; இடையில் வைஃபை தடுமாறினாலும் கையிருப்பில் ஓடும். நேரலையில் முன்கூட்டி இறக்க எதுவும் இல்லை. சில நொடிக் கையிருப்புதான். அது தீர்ந்ததும் மாப்பிள்ளை முகம் அப்படியே உறைந்துவிடும்.

அதனால் என் சிபாரிசு இதுதான்: கைபேசிக்கு வைஃபை, டி.வி.க்குக் கம்பி. வாசல் பெட்டியிலிருந்து டி.வி. வரைக்கும் ஒரு கேட்-6 கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். எந்த வீடும் அவ்வளவு நீளம் இல்லை. பல டி.வி.களின் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ் அளவோடு நின்றுவிடும், கவலை வேண்டாம், 4கே படத்துக்கு அது அதிகம். ஃபயர் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதற்கான கேபிள் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

கேபிள் வாங்கும்போது ஒரு சோதனை. கடைக்காரரிடம் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, உள்ளிருக்கும் மெல்லிய கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் நல்ல சரக்கு. வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. விலை குறைவுதான், ஆனால் எளிதில் ஒடியும். கடற்கரை ஊரில் முலாம் விட்ட இடத்தில் உப்புக் காற்று பட்டால் அலுமினியம் பொரிந்து மாவாகிவிடும். முனையில் மாட்டும் பிளக்கிலும் இதே தொல்லை. மாதங்கள் போகப் போகப் பச்சை பூத்துவிடும், டி.வி. விட்டுவிட்டு வேலை செய்யும். முனைக்கு ரப்பர் உறை போடுங்கள், பெட்டியைக் கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். கேபிளை வீட்டுக்கு வெளியே சுவரோரமாகக் கொண்டுபோகவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இறங்கினால் செம்பு வழியாக மின்னழுத்தம் பாய்ந்து டி.வி.யையும் ரவுட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும். தெருவிலிருந்து வருகிற ஃபைபரில் அந்தப் பயம் இல்லை. அதன் உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

கண்ணாடி என்பதால் அதற்கு வேறு பத்தியம். பெட்டிக்குப் பின்னால் பச்சைத் தலையுடன் சொருகியிருக்கும் மெல்லிய வயரைப் பாருங்கள். இடம் போதவில்லை என்று அதை மடக்கி ஆணியில் மாட்டியிருந்தால் ஒளி கசியும். விரல் சுற்றளவுக்கு இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகத் தொங்க விட வேண்டும். 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். நீங்கள் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சரியாகாது. லைன்மேன் வந்தால் ஒளியின் அளவைக் கேளுங்கள். மைனஸ் 15-லிருந்து 25-க்குள் என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் அவரை விடாதீர்கள், இணைப்பைத் துடைத்தோ மாற்றியோ கொடுக்கச் சொல்லுங்கள்.

கந்தூரி நாட்களில் இன்னொரு சங்கடம். வெளியூர் உறவுகள் வந்து இறங்கினால் பத்துப் பதினைந்து கைபேசிகள் ஒரே வைஃபையில் ஏறும். சாதாரண ரவுட்டர் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவியோடுதான் பேசும். பின்கட்டில், சிக்னல் மங்கிய இடத்தில் இருந்துகொண்டு ஒருவர் வீடியோ பார்த்தால், அவருக்கு மெதுவாகத்தான் அனுப்ப முடியும். அந்த நேரமெல்லாம் மற்றவர்கள் காத்திருப்பார்கள். டி.வி.யை மட்டும் கம்பிக்கு மாற்றியிருந்தால், இந்த நெரிசலில் அது சிக்காது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த அளவு அழிவுக்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் அன்றாடக் கரண்ட் வெட்டுக்கு, ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் போதும். உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். டி.வி. அணைந்தாலும் கைபேசியில் நிக்காஹ் தொடரும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் இரவு ஒன்பது மணிக்கு, தெருவே இணையத்தில் இருக்கும் நேரத்தில், டி.வி.யிலேயே வேகத்தைச் சோதியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் செயலியில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பிறகு பகலில் ஒருமுறை. இரண்டிலும் 15-க்கு மேல் வந்தால் திட்டத்தைக் கூட்ட வேண்டாம். இரவில் மட்டும் படுத்துவிட்டால் கோளாறு தெருவில். அப்போது நிறுவனத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

கம்பி இழுக்கவே முடியாத மாடி அறைக்கு என்ன வழி, இரண்டாவது ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.