முட்டைக்கோஸின் பின்னாலேயே வரும் பூச்சி

சாயங்கால வேளையில் முட்டைக்கோஸ் வயலில் இறங்கி இலைகளை லேசாகத் தட்டினால், பழுப்பு நிறப் பூச்சிகள் சில எழும்பிப் பறந்து, நாலைந்து செடி தள்ளி மறுபடி உட்காரும். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. குனிந்து உற்றுப் பார்த்தால்தான் அழகு தெரியும்: ஒடுங்கிய உடல், முன்னோக்கி நீண்ட உணர்கொம்புகள், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த இறக்கைகள். ஒவ்வொரு இறக்கையின் ஓரத்திலும் வெளிர்மஞ்சள் கோடு நெளிந்து ஓடும். இறக்கைகளை மூடி அமரும்போது இரு கோடுகளும் முதுகில் சேர்ந்து, சீட்டுக்கட்டின் டைமண்டைப் போல மூன்று வடிவங்களாகிவிடும்.

இதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சி. லின்னேயஸ் 1758-லேயே இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். இந்தியாவில் 1914-ல் பதிவானது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு என்று கடுகுக் குடும்பப் பயிர்கள் விளையும் இடமெல்லாம் இது இருக்கிறது. அண்டார்டிகா மட்டும்தான் பாக்கி. சொந்த பலத்தில் அதிக தூரம் பறக்காது; ஆனால் காற்று தூக்கிக்கொண்டால் கடலையே தாண்டிவிடும். கனடாவின் குளிர்காலத்தில் இது பிழைப்பது அரிது. ஆனாலும் ஆண்டுதோறும் வசந்தத்தில் தெற்கேயிருந்து வீசும் காற்றோடு அங்கே புதிதாக வந்து சேர்கிறது. 2016 கோடையில் பிரிட்டனுக்குள்ளும் இப்படித்தான் பெரும் எண்ணிக்கையில் புகுந்தது.

சேதம் செய்வது பச்சைப் புழுதான். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் போல விட்டுவைக்கும். தொட்டால் துடித்துப் பின்வாங்கி, நூலிழையில் தொங்கும். வெப்பமான ஊர்களில் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இந்த வேகம்தான் மருந்தடிப்பவர்களைத் தோற்கடிக்கிறது. மருந்துக்குத் தப்பியவற்றின் வாரிசுகள் சீக்கிரமே வயலை நிரப்பிவிடுகின்றன. 1953-ல் ஜாவாத் தீவில் டிடிடியை எதிர்த்து நின்றது. 1990-ல் ஹவாயில் பி.டி. நுண்ணுயிர் மருந்தையும் தாங்கியது தெரியவந்தது. போதாக்குறைக்கு, கண்மூடித்தனமாக அடிக்கும் மருந்து இப்புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் சிறு குளவிகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

அதனால்தான் கடுகை நம்பச் சொல்கிறார்கள் வேளாண் அறிஞர்கள். 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. முட்டைக்கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசை, நட்ட 25 நாள் கழித்து இன்னொன்று. தாய்ப்பூச்சி கடுகைத் தேடிப்போய் முட்டையிடும். மருந்தை அந்த வரிசைகளில் மட்டும் தெளித்தால் போதும்.