வெள்ளையன் ஆற்றில் இறங்கினான்

லாப்ரடார் என்றால் தண்ணீர்ப் பைத்தியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில், குளிர்ந்த கடலில் பாய்ந்து மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்த நாய்களின் வம்சம். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். ஈரம் உள்ளே இறங்காத இரட்டை ரோமம், விரலிடுக்கில் சவ்வு, சுக்கான் போலத் தடித்த வால். எங்கள் வெள்ளையனுக்கும் இதெல்லாம் உண்டு. கல்லிடைக்குறிச்சியில், தாமிரபரணிக்குப் பத்து நிமிட நடையில் வீடு. ஆனால் ஆற்றைக் கண்டதும் மணலில் நான்கு காலையும் ஊன்றிக்கொள்வான்.

"தூக்கிப் போட்டா தன்னால நீந்தும் அத்தான். நாய்க்குச் சொல்லியா கொடுக்கணும்?" என்றான் மச்சினன். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வாய்க்காலில் போட்டுவிட்டான். நீந்தத்தான் செய்தான் வெள்ளையன். ஆனால் இரண்டு பக்கமும் செங்குத்தான கல் சுவர். ஏற முடியாமல் நகத்தால் பிறாண்டி, கண் வெளுத்துப் போய்விட்டது. நான் குதித்துத் தூக்கினேன். அதன்பின் இரண்டு மாதம் குளிப்பாட்டும் வாளியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில்தான்.

வழி சொன்னவர் ஆற்றங்கரையில் எருமை மேய்க்கும் பெரியவர். எருமைகளின் பின்னாலேயே அவருடைய நாட்டுநாய் அக்கரைக்கு நீந்திப் போகும். "அது தண்ணிக்குப் பயப்படல தம்பி. எங்கன கரையேறணும்னு தெரியாமப் பயப்படுது" என்றார்.

படித்துறையை விட்டுவிட்டோம். கல்படி திடீரென்று முடிந்துவிடும். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதுதான் நாயைக் கலக்குவது. சற்றுக் கீழே மணல் சரிவாக இறங்கும் இடத்தில், நான் கணுக்காலளவு தண்ணீரில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் அவித்த கோழித் துண்டுகள். கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டியிருந்தேன். இழுப்பதற்கு அல்ல, போய்விடாமல் இருக்க. வந்தால் துண்டு, திரும்பிக் கரைக்கு ஓடினால் அங்கேயும் ஒரு துண்டு. கரைக்கு எதற்குக் கூலி என்று வீட்டில் கேட்டார்கள். திரும்பும் வழி தெரிந்தால்தானே அடுத்த அடி வைப்பான்? முதல் வாரம் பாதம் மட்டும். மூன்றாவது வாரம் வயிறு நனைந்தது. நாட்டுநாய் முன்னே போனதும் பாதி வேலை முடிந்தது.

முதல் நீச்சல் பார்க்கச் சகிக்காது. முன்னங்கால் இரண்டும் மத்தளம் கொட்ட, பின்பகுதி அமிழ்ந்துவிடும். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துப் பின்புறத்தைத் தூக்கிவிட்டால் உடம்பு கிடையாகும், அடிப்பதும் அடங்கும். முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். பக், புல்டாக் வைத்திருப்பவர்கள் அது இல்லாமல் இறக்கவே வேண்டாம். முன்பாரமும் சப்பை மூக்கும் அவற்றை மூழ்கடித்துவிடும்.

அப்புறம்தான் வேலை. காய்ந்த தேங்காய் மட்டையை நீளவாக்கில் கீறி, விளிம்பில் போட்டேன். எடுத்து வந்தான். அடுத்து ஒரு முழம் தள்ளி. உருண்டைப் பந்து வேண்டாம். வாயை அகலத் திறந்து கவ்வும்போது தண்ணீரும் உள்ளே போகும். அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து, நாய் தள்ளாடும், வாந்தி எடுக்கும், உயிருக்கே ஆபத்து. அதனால் பத்து நிமிடம், பிறகு ஓய்வு. ஒரு ஞாயிறு ஆசையில் ஒரு மணி நேரம் ஆடவிட்டேன். மறுநாள் வால் முறிந்ததுபோலத் தொங்கியது. வால் தசைப் பிடிப்பு என்றார் கால்நடை மருத்துவர். நாலு நாளில் சரியாயிற்று. எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் அவர்தான் நினைவூட்டினார். பச்சைப்பாசி படர்ந்த குட்டையிலும், அணை திறந்த நாளில் ஆற்றிலும் இறக்குவதில்லை. வீடு வந்ததும் தொங்கும் காதைத் தூக்கித் துடைத்துவிடுவேன்.

இத்தாலியில் இப்படிப் பழகிய நாய்கள் ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து ஆளைக் கரைசேர்க்கின்றன. வெள்ளையனுக்கு மட்டை போதும். இப்போது அவனைக் கரைக்கு அழைப்பதுதான் எனக்குப் பாடு. ஆனால் அந்த வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது மட்டும் எனக்கு மறுபக்கம் மாறிக்கொள்கிறான். மச்சினன் கூட வந்தால், வாலை ஆட்டிக்கொண்டேதான் மாறுகிறான்.