சாராயக் காசும் மலைப் பள்ளிக்கூடமும்

அரியூர் நாடு என்றதும் ஏதோ பழைய சமஸ்தானம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். கொல்லிமலையில் சில சிற்றூர்களைச் சேர்த்து ‘நாடு’ என்று வழங்குவது நெடுநாள் வழக்கம். கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் இப்படி ‘நாடு’ என்ற பெயர் தாங்கியவையே. அரியூர் நாடு அவற்றுள் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் மலைமேல் ஏற வேண்டும். ஜனங்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரள தேசத்தாரோடு இவர்களுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. ஒரு காலத்தில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை இன்று மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. அந்தக் கிழங்கு லாரி ஏறிக் கீழே இறங்கி, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போய்ச் சேருகிறது.

பெயரில்தான் நாடே தவிர, இந்த நாட்டுக்கு ராஜாவும் இல்லை, கஜானாவும் இல்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்று ஆடி மாதத்தில் விழா எடுக்கிறோம். ஆனால் இங்கே ஒரு பாடசாலைக்கு ஓடு மாற்ற வேண்டுமானாலும், ஓர் உபாத்தியாயரை நியமிக்க வேண்டுமானாலும், பணம் சென்னைக் கோட்டையிலிருந்துதான் வர வேண்டும். மலைக்குக் கீழே இதே நாமக்கல் ஜில்லாவில் தனியார் விடுதிப் பள்ளிகள் தமிழகம் முழுவதிலும் பெயர் பெற்றவை. தூர தேசத்துத் தகப்பனார்கள் எல்லாம் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மலைமேல் இருக்கும் கிழங்குக் குடியானவருக்கு அந்த வாசல் கிடையாது. சர்க்கார் பள்ளி நடந்தால் அவர் பிள்ளை படிக்கும். நடக்காவிட்டால் காட்டு வேலைக்குப் போகும். ஆகையால் நிதி மந்திரி ஆண்டுதோறும் வாசிக்கும் வரவு செலவுத் திட்டம், பட்டணத்துக் கனவான்களைவிட இந்த மலைவாசிகளுக்கே அதிக முக்கியமானது. ஆனால் அதைப் படிப்பவர் இங்கே எத்தனை பேர்?

படித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். 2023-24ஆம் ஆண்டில் ‘டாஸ்மாக்’ மதுக்கடைகள் மூலமாகத் தமிழக சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டில், அதாவது 2024-25இல், பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கிய தொகை 44,042 கோடி ரூபாய். இரண்டு தொகைகளும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன! கடையில் வரும் பணத்தைத் தனிப் பையில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்பது உண்மையே. எல்லா வரியும் ஒரே பானையில் விழுந்து, அதிலிருந்தே எல்லாச் செலவும் எடுக்கப்படுகிறது. ஆனாலும் அந்தப் பானையில் விழும் மாநிலத்தின் சொந்த வரியில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே மதுவிலிருந்து வருகிறது. அந்தப் பங்கை எடுத்துவிட்டால் எது முதலில் குறையும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

இந்தக் கேள்வி புதியதும் அல்ல. இதே கேள்வியை நம்முடைய தலைவர்கள் 1937இல் கேட்டார்கள், விடையும் கண்டார்கள். அந்த விடையை முதல்முதலாகப் பரீட்சித்துப் பார்த்த இடம் நம்முடைய பழைய சேலம் ஜில்லாவே.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி வந்தபோது, வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சாமர்த்தியமான பாகப்பிரிவினை செய்தார்கள். நிலவரி, போலீஸ் முதலியவற்றைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, கல்வியையும் சுகாதாரத்தையும் இந்திய மந்திரிகளிடம் ஒப்படைத்தார்கள். கூடவே ஆப்காரியையும் கொடுத்தார்கள். அதாவது, ‘பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டுமா? கள்ளும் சாராயமும் விற்றுப் படிக்க வையுங்கள்’ என்பதே அதன் தாத்பரியம். சென்னை மாகாணத்தின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்நாளில் ஆப்காரியிலிருந்தே வந்தது. காங்கிரஸ் மந்திரி சபைகள் பதவி ஏற்ற 1937இல் மகாத்மா காந்தி இதைச் சுட்டிக் காட்டி மிகவும் மனம் நொந்து எழுதினார். குழந்தைகளின் கல்விக்கு மதுப்பணத்தையே நம்பி நிற்கும் நிலையைப் போன்ற கொடுமை வேறில்லை என்பது அவர் கருத்து. கைத்தொழில் மூலம் பள்ளிக்கூடம் தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய வார்தாக் கல்வித் திட்டம் பிறந்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். பிள்ளைகள் நூற்ற நூலை விற்று உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுப்பது நடைமுறையில் சாத்தியமாகவில்லை. உபாத்தியாயன் என்ற முறையில் எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. ஆயினும் மகாத்மா கண்ட வியாதி மெய்யான வியாதியே.

ராஜாஜி வேறு வழியில் போனார். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் அமைத்து, ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர் அவர். கல்கி அவர்கள் அந்தப் பத்திரிகையில் அவருக்குத் துணையாக இருந்தது நேயர்கள் அறிந்ததே. முதல் மந்திரியானதும் ராஜாஜி, 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தார். ஜில்லாக் கலெக்டர் டிக்ஸன் என்ற ஆங்கிலேயர் அதை ஊக்கத்தோடு நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை. அதற்கடுத்து வட ஆற்காடு என்று அது பரவிற்று.

கடைகளை மூடுவது எளிது. அதற்காக மேடையில் பேசுவது இன்னும் எளிது. போன பணத்துக்கு ஈடு எங்கே என்பதுதான் கஷ்டமான பகுதி. ராஜாஜி அதைத் தட்டிக் கழிக்கவில்லை. 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி விதித்த முதல் மாகாணம் சென்னைதான். பெட்ரோல், மின்சாரம், புகையிலை, சினிமாக் கேளிக்கை இவற்றின் மீதும் அந்த ஆண்டில் வரி போடப்பட்டது. வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். ஆயினும் குடிக்கிற ஏழை ஒருவனே சுமந்த பாரத்தை, வாங்குகிறவர் அனைவரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வது என்று அதற்கு அர்த்தம். அந்த வருஷமே மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. 1944இல் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விற்பனை வரியை மட்டும் நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா? 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, அதைத் தாங்க அந்த வரி தயாராக இருந்தது. 1956 முதல் காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு பரவிய வருஷங்கள் மதுவிலக்கு அமலில் இருந்த வருஷங்களே. கள்ளுக்கடை இல்லாமலே பள்ளிக்கூடம் திறக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

1971இல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டதும், பிறகு திரும்பி வந்ததும், 1981இல் மறுபடி போனதும் நீண்ட கதை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே சர்க்கார் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதன்பின் வருமானம் ஏறிய வேகத்தைப் பார்த்தால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் எங்கள் பஸ்ஸுக்கு வெட்கமாக இருக்கும். கடைகளைக் குறைப்பதாக 2016இல் 500, 2017இல் 500, 2023 ஜூனில் 500 என்று மூடினார்கள். வருமானமோ 2022-23இல் 44,121 கோடி. 2024-25இல் 48,344 கோடி!

ஆனால் இன்றைய நிதி மந்திரி யாராக இருந்தாலும் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ராஜாஜி கையில் இருந்த ஆயுதம் இவர் கையில் இல்லை. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, பெரும்பாலான சரக்குகளின் மீது விற்பனை வரியைக் கூட்டவோ குறைக்கவோ மாநிலத்துக்கு இருந்த சுதந்திரம் போயிற்று. வரி வீதத்தை ஜி.எஸ்.டி. கவுன்ஸில் பரிந்துரைக்கிறது. அங்கே எந்தத் தீர்மானமும் நிறைவேற நாலில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மத்திய சர்க்காருக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு வாக்கு. அவர்கள் சம்மதியாத எதுவும் நடவாது. நஷ்ட ஈடு தருவதாகச் சொன்ன 5 ஆண்டுகள் 2022 ஜூனோடு முடிந்தன. ஜி.எஸ்.டி.க்கு வெளியே நின்ற பெரிய சரக்குகள் இரண்டுதான்: பெட்ரோல் வகைகளும் மதுவும். ஒருவனுடைய கைகால்களைக் கட்டிவிட்டு, சாராயப் பீப்பாயின் குழாயை மட்டும் எட்டும்படி விட்டால் அவன் எதைத் திருப்புவான்?

1919இல் வெள்ளைக்காரர் செய்த பாகப்பிரிவினை ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வருமான வரியோடு மத்திய சர்க்கார் வசூலிக்கும் 4 சதவிகிதக் கல்வி, சுகாதார மேல்வரியும் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் தொகையில் சேராது. கல்வித் திட்டங்களின் மூலமாகத்தான் அது திரும்பி வர வேண்டும். அப்படி வர வேண்டியதில் ஒன்று ‘சமக்ர சிக்ஷா’. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு அங்கீகரித்த 3,586 கோடியில் மத்திய பங்கு 60 சதவிகிதம், சுமார் 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த 2024 செப்டம்பரில் திட்ட ஊழியர்கள் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். 2025 மே மாதத்தில் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. மொழிக் கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கொள்கைத் தகராறுக்குப் பள்ளிக்கூடத்துக் கூலியைப் பிடித்து வைப்பது எந்த நீதி சாஸ்திரத்தில் இருக்கிறது?

சில புத்திசாலிகள், ‘உள்ளூர்ப் பள்ளிக்கு உள்ளூராரே வரி கொடுக்கட்டுமே’ என்பார்கள். 1920ஆம் ஆண்டுச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் அதைத்தான் செய்தது. ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி வசூலிக்கலாம். அதற்கு ஈடாக சர்க்காரும் கொடுக்கும். மாடி வீடுகள் நிறைந்த நகரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. அரியூர் நாட்டில் வீட்டுவரி எவ்வளவு தேறும்? ஒன்றுமில்லாததற்கு ஈடாகக் கொடுத்தால் அதுவும் ஒன்றுமில்லைதான். ஆகவே சமவெளியின் பணம் மலை ஏற வேண்டியது தர்மமல்ல, அவசியம். அது ஏறினால் என்ன நடக்கும் என்பதற்குக் காலை உணவுத் திட்டம் ஒரு சான்று. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள் இருந்தன. அவற்றுள் 237 எட்டாத மலைப் பகுதிப் பள்ளிகள். விடியற்காலையில் காட்டு வழி நடந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சுடுசோறு என்ன என்பதை, முதல் மணியில் பாடம் நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கூலியாள் நாளைக்கு 150 ரூபாய்க்குக் குடிக்கிறான், மாதத்தில் 20 நாள் குடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 36,000 ரூபாய். அதில் பெரும்பகுதி வரி. ஆதி திராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் பள்ளிப் பிள்ளையின் உணவுப்படி 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்த்தப்பட்டது. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதமும் கொடுத்தாலும் 16,800 ரூபாய். தகப்பன் கடையில் வைத்த பணத்தில் பாதிகூடப் பிள்ளையின் இலைக்குத் திரும்பவில்லை. சேலம் மதுவிலக்கின் பலனைச் சென்னைப் பல்கலைக் கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸின் மேற்பார்வையில் ஆராய்ந்தபோது, குடியில் மிஞ்சிய காசு சாப்பாட்டுக்கும் துணிக்கும் போனதைக் கண்டார்கள். வீட்டுக் கணக்கு எழுதும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, மதுவிலக்குக் கொண்டுவருவோம் என்று தேர்தல் மேடையில் சொல்லுகிற கட்சி எதுவானாலும், 48,344 கோடிக்கு ஈடாக எந்த வரி, யார் மீது, எத்தனை ஆண்டில் என்று மூன்று வரி எழுதிக் காட்டட்டும். பத்திரப் பதிவிலா, மோட்டார் வாகனத்திலா, மத்திய சர்க்காரிடம் கேட்டுப் பெறும் பங்கிலா? 15ஆவது நிதிக் கமிஷன் தமிழகத்துக்குக் கொடுத்தது 4.079 சதவிகிதம், 10ஆவது கமிஷன் காலத்தில் அது 6 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது. அந்த மூன்று வரியை எழுதாதவர்கள் கடையை மூடினால், அரியூர் நாட்டில் அடுத்தபடி காலியாக நிற்கப்போவது உபாத்தியாயரின் நாற்காலிதான்.