முந்திரியில் பனிக்காலப் பூக்கருகல்

அரியலூர் மாவட்டத்தின் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிச் செம்மண் நிலங்களில் முந்திரி பரவலாக வளர்க்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மரங்கள் துளிர்விட்டு, மார்கழி, தை மாதங்களில் பூக்கின்றன. இந்தச் சமயத்தில் துளிரும் பூங்கொத்தும் நெருப்புப் பட்டதுபோல் கருகுவதுண்டு. இதனை ஊரில் "பனி அடிச்சிருச்சு" என்பர்.

தமிழில் காலைப் பனித்துளிக்கும் மூடுபனிக்கும் உறைபனிக்கும் பனி என்ற ஒரே சொல் புழங்குவதும் இக்குழப்பத்துக்குக் காரணம் எனலாம். நீலகிரியில் தேயிலையைக் கருக்குவது உறைபனி. அங்கு இளஞ்செடிகளைத் தழைகளால் மூடுவர், நீர் தெளிப்பர். அரியலூர், பெரம்பலூர்ச் சமவெளியில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் வருவதில்லை; எனவே அம்முறைகள் இங்கே பயன்படா.

இங்கு கருகலுக்கு முதன்மைக் காரணம் தேயிலைக் கொசு என்னும் பூச்சி. பெயரில் கொசு இருந்தாலும் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இனம். முதுகில் குண்டூசி போன்ற நீட்சி இருக்கும். குஞ்சுகளும் வளர்ந்த பூச்சிகளும் இளந்தண்டு, பூங்காம்பு, பிஞ்சு ஆகியவற்றைக் குத்தி உறிஞ்சுகின்றன. அவற்றின் உமிழ்நீர் நச்சுத்தன்மை உடையது. குத்திய இடம் நீண்ட பழுப்புப் புள்ளியாகிறது. அதில் பிசின் கசியும். புள்ளிகள் ஒன்றுகூடக் கொப்பு நுனியிலிருந்து காய்கிறது. அக்காயத்தின் வழியே பூஞ்சாணமும் நுழைகிறது. மேகமூட்டமும் இலை ஈரமும் அதற்குச் சாதகமானவை. அந்த அளவில் பனிக்கும் இதில் பங்குண்டு.

முற்றிய இலைகள் நலமாயிருக்க, துளிரும் பூவும் மட்டும் கருகி, தண்டில் பிசின் தெரிந்தால் பூச்சியையே ஐயுற வேண்டும். காலையிலோ மாலையிலோ பார்த்தால் பூச்சி கண்ணில் படும். வேம்பு, கொய்யா மரங்களிலும் இது வாழ்வதால் வரப்பு வேம்பையும் பார்ப்பது நல்லது.

துளிர்விடும்போது, பூங்கொத்து வெளிவரும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என மூன்று கட்டங்களில் கண்காணிப்பு தேவை. கருகியபின் மருந்தடித்தால் போன பூ திரும்பாது. பலர் தவறுவது இங்கேதான். தேவைப்பட்டால் வேளாண்மை அலுவலர் பரிந்துரைக்கும் மருந்தைத் தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில் தெளிக்கலாம். முன்பு முந்திரியில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், காசர்கோட்டு மக்கள் பட்ட துன்பத்தால் பெயர்பெற்றது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மரத்தில் கூடுகட்டும் முசுறு எறும்பு இப்பூச்சியை வேட்டையாடும். கடிக்கிறதென்று அக்கூடுகளைக் கொளுத்துவது நட்டமே. காய்ந்த கொப்புகளை அறுவடை முடிந்ததும் கழிக்க வேண்டும்.