‘பொறுப்போடு ஆடுங்கள்’ என்றால் போதுமா?

பணமும் மனமும் - 14

ஆன்லைன் ரம்மி விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓடிய காலத்தில், அவற்றின் கடைசி நொடிகளில் ஒரு குரல் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்: பண இழப்பு ஏற்படலாம், அடிமையாக நேரலாம், பொறுப்போடு ஆடுங்கள். 2020 டிசம்பர் முதல் இத்தகைய எச்சரிக்கை வேண்டும் என்று விளம்பரத் துறையே தனக்கு விதி வகுத்துக்கொண்டது. அறிவுரை நல்லதுதான். ஆனால் அது ஒரு பொறுப்பை ஓசைப்படாமல் கைமாற்றிவிடுகிறது. ஆட்டத்தை வடிவமைத்தவர், விற்றவர், பணம் கைமாற வழிசெய்தவர் எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, தோற்றவரின் மனவுறுதி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. சூதின் பிடியிலிருந்து ஒருவரைக் காப்பது அறிவுரை அல்ல, பணத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே போடப்படும் தடை என்பதே என் வாதம்.

மருத்துவம் சொல்வதைப் பார்ப்போம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், சூதாட்டக் கோளாறு மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டது. அது பட்டியலிடும் அறிகுறிகள் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்தினால் எரிந்துவிழுவது, வீட்டில் பொய் சொல்வது, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்புவது. ஜெயிப்புக்கு மிக அருகில் வந்து தோற்கும்போது, ஜெயித்தால் தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்படுவதை 2009-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரம்மியில் இது ஓயாமல் நடக்கிறது. பதின்மூன்று சீட்டில் பன்னிரண்டு சேர்ந்திருக்கும், ஒன்றே ஒன்று வராது, எதிராளி டிக்ளேர் செய்துவிடுவார். அடுத்த டேபிள் தயாராக இருக்கும். யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் போய்விடும். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடப்பவரிடம் அந்த நேரத்தில் பொறுப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தடை பலன் தரும் இடம் வேறு. பிரிட்டனின் பந்தயக் கடைகளில் இருந்த சில இயந்திரங்களில் 20 நொடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்ட முடிந்தது. 2019 ஏப்ரலில் அந்த வரம்பை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். மறு ஆண்டு, கிரெடிட் கார்டில் சூதாடுவதையே நிறுத்தினார்கள். சிங்கப்பூரில் கசினோவுக்குள் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். ஒருவர் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளவும், அவருடைய ஆட்டத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் அவருக்குத் தடை கோரி விண்ணப்பிக்கவும் அங்கே வழி உண்டு. தமிழ்நாட்டிலும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைக்கும் விதி வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அதை உறுதிசெய்தது. இவை எல்லாமே, தெளிந்த மனதோடு எடுத்த முடிவைக் கலங்கிய நேரத்திலும் காப்பாற்றித் தருபவை.

‘வயதுவந்தவர் தன் பணத்தில் ஆடுகிறார், அரசுக்கு என்ன?’ என்பது ஒரு மறுப்பு. தன் பணம் தீர்ந்தபின் அடகுக்குப் போவது மனைவியின் நகை, கரைவது பிள்ளையின் படிப்புக் காசு. இழப்பு ஒருவரோடு நிற்காதபோது உரிமை வாதமும் அங்கே முழுமையாக நிற்காது. ‘ரம்மி திறமை ஆட்டம்’ என்பது இன்னொன்று. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியை அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து விலக்கியது உண்மை. ஆனால் ஒவ்வொரு டேபிளிலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் மீதிதான் ஜெயித்தவருக்கு. யாரிடமிருந்து யாருக்குப் பணம் போகிறது என்பதைத் திறமை தீர்மானிக்கலாம், ஆடுபவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு நஷ்டம்தான். மூன்றாவது மறுப்புக்குக் கனம் அதிகம்: தடை செய்தால் ஆட்டம் மறைவிடத்துக்குப் போகும். 2003-ல் லாட்டரியை ஒழித்த தமிழ்நாட்டில் மூன்று நம்பர் லாட்டரி இன்னும் பிடிபடுகிறது. இருந்தும் தெருவுக்குத் தெரு தொங்கிய லாட்டரிச் சீட்டுகள் மறைந்தன. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைன் பண ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் வங்கிப் பரிமாற்றத்தையும் தடுக்கிறது, ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும், ஏற்கெனவே சிக்கியவருக்குச் சிகிச்சை வேண்டும்.

குடும்பம் செய்ய வேண்டியதும் இதே வழியில்தான். திட்டுவதும் சத்தியம் வாங்குவதும் பலிக்காது. ‘இந்த ஒருமுறை’ என்று கடனை அடைக்கப் பணத்தை அவர் கையில் கொடுப்பது அடுத்த ஆட்டத்துக்கு முதல் போடுவதாகிவிடும். கடன் முழுவதையும் எழுதிப் பட்டியலிடுங்கள், கொடுக்க வேண்டியதைக் கடன் கொடுத்தவருக்கே நேரடியாகக் கொடுங்கள். சம்பளக் கணக்கையும் யுபிஐயையும் கொஞ்ச காலம் அவர் சம்மதத்தோடு வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஆடுபவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டார் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், உடனே அழையுங்கள். கடனை அடைக்கத் தவணை கேட்கலாம், உயிருக்குத் தவணை இல்லை.

(தொடரும்)